ஒரு கூரையின்கீழ்ப் பல வருவாய்கள்: பிரிட்டனின் குடும்ப வருவாய்ச் சோதனை (1931–1941)

முன்னுரை

ஆட்குறைப்பினால் வேலையிழந்த ஒருவருக்கு அரசு உதவித்தொகை வழங்கும்போது அவருடைய நிலையை மட்டும் நோக்க வேண்டுமா, வீட்டிலுள்ள பிறரது வருவாயையும் கணக்கிட வேண்டுமா? இவ்வினாவை, 1931 முதல் பத்தாண்டுகள் பிரிட்டனில் நடைமுறையிலிருந்த குடும்ப வருவாய்ச் சோதனையை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய்கின்றோம். குடும்பப் பொறுப்பை வலியுறுத்த எழுந்த அவ்விதி குடும்பப் பிணைப்பையே தளர்த்தியது என்பது நம் கருத்தாகும்.

இரு மரபுகள்

வேலையிழந்தோர்க்கு உதவுவதில் பிரிட்டனில் இரு மரபுகள் இருந்தன. முதலாவது, 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டம். பெற்றோர், பாட்டன் பாட்டியர், பிள்ளைகள் ஆகியோர் ஒருவரையொருவர் காக்கக் கடமைப்பட்டவர் என அது விதித்தது. இரண்டாவது, 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம். கட்டடம், கப்பல் கட்டுதல் முதலிய சில துறைத் தொழிலாளர்க்கு வாரம் 7 ஷில்லிங் வீதம், ஆண்டுக்கு 15 வாரங்கள் வரை வழங்க அது வகைசெய்தது. 1920இல் இக்காப்புறுதி பெரும்பாலான தொழில்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தொழிலாளி சந்தா செலுத்திப் பெறும் உரிமைத் தொகையாதலின், இதில் வீட்டார் வருவாய்க்கு இடமில்லை. சந்தாத் தகுதி கடந்து நீட்டிக்கப்பட்ட தொகைக்கே 1920களில் அவ்வப்போது வருவாய் விசாரிக்கப்பட்டது.

1931: உரிமையிலிருந்து விசாரணைக்கு

உதவித்தொகையை 10 விழுக்காடு குறைப்பது குறித்து அமைச்சரவை பிளவுற்றதால், 1931 ஆகஸ்டில் தொழிற்கட்சி அரசு வீழ்ந்தது. ராம்சே மெக்டொனால்டு தலைமையில் அமைந்த தேசிய அரசு, ஆடவர்க்குரிய வாரத் தொகையை 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைத்தது. காப்புறுதித் தொகை 26 வாரங்களுக்கு மட்டுமே எனவும் வரையறுத்தது. அதற்குமேல் வேலையின்றி இருப்போர், வறியோர் சட்ட நிர்வாகத்தின் வழிவந்த உள்ளூர்ப் பொது உதவிக் குழுக்களை நாட வேண்டியதாயிற்று. இவ்வாறு முதல் மரபு இரண்டாவதற்குள் புகுந்தது.

கணக்கிடப்பட்ட முறை நோக்கற்குரியது. மனைவியும் இரு சிறுபிள்ளைகளும் உடைய ஆடவருக்கு உச்ச அளவு 27 ஷில்லிங் 3 பென்ஸ். வேலைக்குச் செல்லும் மகனோ மகளோ உடன் வாழ்ந்தால், அவர்தம் ஊதியத்தின் ஒரு பகுதி போக எஞ்சியது வீட்டு வருவாயாகக் கொள்ளப்பட்டுத் தந்தையின் தொகை குறைக்கப்பட்டது; சிலருக்கு முற்றிலும் மறுக்கப்பட்டது. சேமிப்பும் ஓய்வூதியமும் கணக்கில் வந்தன. பழைய சட்டம் சகோதரர்மீது சுமத்தாத கடமையை, ஒரே கூரையின்கீழ் வாழ்வதாலேயே இச்சோதனை சுமத்தியது.

விளைவுகள்

நெடுங்காலம் உழைத்த தந்தை பிள்ளையின் ஊதியத்தை நம்பி வாழ நேர்ந்தது. உழைக்கும் பிள்ளைகள் வேறிடம் பெயர்ந்தால் பெற்றோர்க்குத் தொகை கூடும். எனவே பிரிந்து வாழ்வதே ஆதாயமாயிற்று. இந்நிலையை ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளிவந்த தம் நூலில் கண்டித்தார். வீடு தேடி வந்து விசாரித்த அதிகாரிகள் பெரும் வெறுப்புக்கு ஆளாயினர்.

குழுக்களின் போக்கும் ஒன்றுபோல் இல்லை. தாராளமாக வழங்கியமைக்காக ரோதர்ஹாம், டர்ஹாம் பகுதிக் குழுக்களின் பணி 1932இல் அரசு ஆணையர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் வேலையின்மை உதவி வாரியத்தை அமைத்து நாடு முழுவதற்கும் ஒரே அளவை வகுத்தது. 1935 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது பலருடைய தொகை குறைந்தது. தென் வேல்சில் மக்கள் திரண்டெழவே, பிப்ரவரியில் அரசு குறைப்பை நிறுத்திவைத்தது.

முடிவுரை

போர்க்காலத்தில், எர்னெஸ்ட் பெவின் தொழிலமைச்சராயிருந்தபோது, 1941ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பச் சோதனையை நீக்கியது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் காக்கும் கடமையைக் கணவன் மனைவிக்கும் சிறுபிள்ளைகளின் பெற்றோர்க்கும் உரியதாகச் சுருக்கியது. வளர்ந்த பிள்ளையின் ஊதியம் தந்தையின் உரிமையைப் பறிக்கும் நிலை இவ்வாறு முடிவுற்றது.

எனினும் வினா முற்றும் மறையவில்லை. இன்றும் பிரிட்டனில் சந்தா அடிப்படையிலான வேலை தேடுவோர் தொகைக்குத் துணைவர் வருவாய் தடையன்று. 2013இல் தொடங்கிய பொது உதவித்தொகையிலோ இருவர் வருவாயும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றது. குடும்பம் விரும்பிச் செய்யும் உதவியை அரசு தன் கடமைக்கு மாற்றாகக் கொள்ளும்போது அவ்வுதவியே சுமையாகின்றது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.