மலை அணிலுக்குப் பெயர் தந்த ஜெர்மன் பேராசிரியர்

ஏல வியாபாரமாகக் குமுளி, தேக்கடிப் பக்கம் போய் வருகிற நம்மவர்களில் மலை அணிலைப் பார்க்காதவர் குறைவு. தலையிலிருந்து வால் நுனிவரை மூன்றடி இருக்கும். மலையாளத்தில் மலையண்ணான். விலங்கியல் நூல்களில் அதன் பெயர் 'ரட்டூஃபா இண்டிகா'. பக்கத்தில் 'எர்க்ஸ்லேபென், 1777' என்று போட்டிருப்பார்கள். பரம்பிக்குளத்திலும் சின்னாறிலும் மேயும் புள்ளிமானின் பெயருக்குப் பக்கத்திலும் இதே ஆள், இதே ஆண்டு. யார் இவர்?

யோஹான் கிறிஸ்டியான் போலிகார்ப் எர்க்ஸ்லேபென் 1744-இல் ஜெர்மனியின் க்வெட்லின்பர்க் ஊரில் பிறந்தார். தாயார் டொரோத்தேயா சாமானியப்பட்டவர் அல்லர். கணவரின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் ஐவர், தன் பிள்ளைகள் நால்வர், இத்தனை பேரையும் வளர்த்துக்கொண்டே 1754-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் மருத்துவ முனைவர் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அப்போது மகன் பத்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

மகன் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1771-இல் அங்கே கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாடுகளை வெக்கை நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. வாயில்லா ஜீவனுக்கும் முறையான வைத்தியம் வேண்டும் என்ற எண்ணம் அதனால் எழுந்தது. அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011-இல்தான். 1772-இல் அவர் எழுதிய இயற்பியல் பாடநூலை, அவர் காலத்துக்குப் பிறகு லிக்டன்பெர்க் என்ற அறிஞர் விரித்துப் பதிப்பித்தார்.

1777-இல் வந்தது விலங்குலகைப் பகுத்துரைக்கும் லத்தீன் நூல். லின்னேயஸ் வகுத்த இருசொல் பெயர் முறையில், முன்னோர் நூல்களையெல்லாம் தொகுத்து எழுதினார். பாலூட்டிகள் பற்றிய பகுதி மட்டுமே வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 33 வயதில் அவர் காலமானார்.

அவர் இந்தியாவில் கால் வைத்ததில்லை. அதனால் 'வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான்' என்பதும் தவறு, 'நம் மிருகத்துக்குப் பெயர் வைக்க அவன் யார்' என்பதும் தவறு. காடரும் மன்னான்களும் முதுவரும் தலைமுறை தலைமுறையாக அறிந்த உயிர் அது. அவர் செய்தது, நாம் ஏலக்காய் மூட்டைக்கு மார்க் போடுகிற மாதிரி: எந்த ஊர்க்காரர் பார்த்தாலும் இன்னதென்று தெரியும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. சமணமும் புலன்களை எண்ணியே உயிர்களை வகுக்கிறது. எர்க்ஸ்லேபென் பார்த்தது பல்லும் காலும் உடலமைப்பும். நம் முன்னோர் எண்ணியது, எந்த உயிருக்கு எவ்வளவு நோகும் என்பதை அறிந்து விலகி நடக்க. இரண்டு கணக்கும் வேண்டியதே. மாட்டுக்கு வைத்தியம் தேடிய பேராசிரியரிடம் இரண்டாவதும் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

மலை அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளை விட்டுக் கிளை தாவித்தான் அதன் போக்குவரத்து. கூடும் கிளைக் கவட்டில்தான். ஏலத்துக்கும் நிழல் வேண்டும், அணிலுக்கும் அந்த மரமே வேண்டும். நிழல் மரங்களை இடைவெளி விழ வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும். தோட்டம் வைத்திருக்கும் நம் சங்கத்து அன்பர்கள் கவாத்துக்கு ஆள் விடும்போது, ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே கிளை தொடும்படி விடச் சொல்ல வேண்டுகிறேன். அதற்குச் செலவு ஏதும் இல்லை.