காந்தட் கிழங்கும் கலப்பிரிவும்

மாரி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வேலிகளிலும் பற்றைகளிலும் செங்காந்தள் படர்ந்து பூக்கும். கார்த்திகைப்பூவென மக்கள் வழங்கும் இம்மலரைச் சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறினர், முருகனுக்குரியதெனவும் போற்றினர். அதன் கிழங்கோ கலப்பை வடிவினது, கொடிய நஞ்சு. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி உண்டு இலங்கையில் உயிர்நீத்தோரும் உளர். அதனைச் சுத்திசெய்து மருந்தாக்கும் முறையைச் சித்த மருத்துவர் அறிந்திருந்தனர். இந்நஞ்சு உயிரியல் வரலாற்றிற் பெற்ற இடம் அறியற்பாலது.

கலம் பிரியும்போது கருவினுள்ளே நூல்கள் தோன்றி நீளவாட்டிற் பிளவுறுதலைச் சேர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் வால்தர் பிளெமிங் கண்டு, 1882இல் நூலாக விளக்கினார். அந்நூல்களுக்கு நிறமூர்த்தம் எனப் பொருள்படும் பெயரை 1888இல் வால்டயர் இட்டார். இரட்டித்த நிறமூர்த்தங்கள் கலத்தின் நடுவே அணிவகுக்கும்; இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர் நார்கள் அவற்றைப் பற்றும்; பின்னர் ஒவ்வோர் இரட்டையின் பாதிகளும் எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கப்படும். இதனாலேயே மகட்கலங்கள் இரண்டும் சமபங்கு பெறுகின்றன.

ஐரோப்பியக் கொல்சிக்கச் செடியிலிருந்து 1820இல் பெலத்தியே, கவந்து என்போர் ஒரு நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அக்கொல்சிசீன் நம் காந்தட் கிழங்கிலும் உண்டென்பது 1915இல் நிறுவப்பட்டது. 1930களில் பிரசல்ஸ் நகர ஆய்வாளர் அதன் செயலை விளக்கினர். கொல்சிசீன் புகுந்த கலத்திலே கதிர் உருவாவதில்லை. ஆதலின் இரட்டித்த நிறமூர்த்தங்கள் பிரிய வழியின்றி நின்றுவிடுகின்றன. தாவரங்களில் இவ்வாறு நிறமூர்த்தத் தொகை இருமடங்காதலும் உண்டு. 1937இல் பிளேக்சிலியும் ஏவரியும் இதனைப் புதிய தாவர வகைகளை ஆக்கும் வழியாகக் காட்டினர். தலச்சேரியிற் பிறந்து சென்னையிற் கற்ற ஜானகி அம்மாள், இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்திலே மக்னோலியா நாற்றுகளை இம்முறையால் மாற்றினார்.

அதனினும் பெரிய பயன் மனிதரைப் பற்றியது. மனிதக் கலத்தின் நிறமூர்த்தங்கள் 48 என 1923இல் பெயின்ரர் கூறியதையே முப்பதாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் கற்பித்தன. சுவீடனின் லுண்ட் நகரில் தியோ, லேவன் இருவரும் கொல்சிசீனாற் பிரிவை இடைநிறுத்தி, நிறமூர்த்தங்களைப் பரப்பி எண்ணினர். தொகை 46 என 1956இல் வெளியிட்டனர். அச்சிலேறியதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாதென்பதை மாணவர் இதனாற் கற்கலாம்.

1967இல் சிக்காகோவிலே கொல்சிசீன் பற்றும் புரதம் கண்டறியப்பட்டது. தியூபுலின் எனப் பின்னர் பெயர்பெற்ற அதுவே கதிர் நார்களின் மூலப்பொருள். நஞ்சைத் தேடியவர் கலத்தின் இயந்திரத்தையே கண்டனர். இன்று தமிழ்நாட்டின் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் விதைக்காகவே காந்தள் பயிரிடப்படுகின்றது; அவ்விதையிலிருந்து கொல்சிசீன் எடுக்கப்படுகின்றது.

நம் முன்னோர் காந்தளின் அழகையும் அறிந்தனர், நஞ்சையும் அறிந்தனர். அந்நஞ்சு ஏன் கொல்கின்றது என்ற வினாவோ பிறநாட்டு ஆய்வுகூடங்களிலேதான் எழுந்தது. வேலியோரத்துச் செடியை நோக்கி அவ்வினாவை எழுப்புதல் இனி நம் மாணவர் கடனாம்.