மணல்மேல் ஓர் ஊர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. வெளியூர் மனிதர் எவராவது உத்தரமேரூருக்கு வந்துவிட்டால், காப்பி கொடுக்கிறோமோ இல்லையோ, வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டிவிடுவோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள் அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த விவரமெல்லாம் அதில் இருக்கிறது. ஏரியைக் கவனிக்க மட்டும் ஆறு பேர். 'அந்தக் காலத்திலேயே எங்கள் ஊரில் எலெக்ஷன்!' என்று சொல்லும்போது, ஏதோ நாமே நின்று ஜெயித்துவிட்டதுபோல் குரல் சற்று உயர்ந்துவிடும்.

நானும் அப்படிச் சுவரைக் காட்டி வந்தவன்தான். ஆனால் ராமேசுவரம் போய் வந்த பிறகு அந்தச் சுவரின் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள், தீவைப் பார்ப்பதில்லை. நீண்ட பிராகாரத்தைச் சுற்றி, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, ஈரத்துணி காயுமுன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். தேசப்படத்தை விரித்துப் பார்த்தால்தான் இடம் விளங்கும். மேற்கே பாம்பன் பக்கம் அகன்று கிடக்கிற தீவு, தென்கிழக்கே போகப் போக ஒடுங்கி, கடைசியில் வெறும் மணல் வாலாக நீண்டு அரிச்சல்முனையில் முடிகிறது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் 'பெண் கடல்' என்றும், அலை புரளும் தென்கடலை 'ஆண் கடல்' என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். வாடைக்காற்றில் பெண் கடலும் சீறும் என்பது வேறு சமாசாரம். தீவில் ஆறு கிடையாது. மலையும் இல்லை, கந்தமாதன பர்வதம் என்று பெயர் கேட்டு மலைத்துப் போனால், நிற்பது ஒரு மணல்மேடு.

இந்த மணலை நம்பி ஒரு நகராட்சியே இருக்கிறது. 2011-ஆம் வருஷக் கணக்கில் ராமேசுவரம் நகரின் ஜனத்தொகை 44,856. கோயிலில் பூஜை செய்யும் மராட்டிய வம்சத்துக் குருக்கள்மார், படகோட்டிப் பிழைத்த மரைக்காயர்கள், கடலில் வலை வீசுகிற கடையர், பரவர் என்று பலரும் கலந்து வாழ்கிறார்கள். நமது ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் இங்கே 1931-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் யாத்திரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப் போகப் படகு வைத்திருந்தார். ராமனைத் தரிசிக்க வந்தவர்கள் மரைக்காயர் படகில் ஏறித்தான் சேதுவில் முழுகினார்கள். யாரும் அதை ஒரு விசேஷமாக நினைக்கவில்லை.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. கப்பல் வந்தால் நடுவே தூக்கிக்கொள்ளும் அந்தப் பாலத்தின்மேல் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அப்புறம் மறுபடி ரயிலில் கொழும்பு. தீவின் வால்நுனி திடீரென்று ஒரு நாட்டின் வாசலாயிற்று. ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், மாதா கோயில் எல்லாம் வந்தன. ஐம்பது வருஷ வாழ்வு. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் கிளம்பிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டியைத் தனுஷ்கோடிக்கு அருகில் கடல் வாரிக்கொண்டு போயிற்று. வண்டியில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் போயிற்று. பாம்பன் பாலத்தை நாற்பத்தாறே நாளில் சரிப்படுத்திவிட்டார்கள், ஊரைச் சரிப்படுத்தவில்லை. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது.

ஆனாலும் மனிதர்கள் வசிக்கிறார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டபின், இடிந்த மாதா கோயிலைப் படம் பிடிக்க வருகிற கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசைகள் இருப்பதைப் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் அந்த அம்மாளைக் கண்டேன். மணலில் முழங்கால் ஆழம் பறித்து, ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் கடல். ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர்!

"இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் சீக்கிரம் நிறையாதா?" என்று கேட்டேன்.

"ஆழமாத் தோண்டுனா உப்பு ஏறிரும் தம்பி. ஊறுற மட்டும் மொண்டுக்கிறணும்" என்றாள்.

மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்திருப்பதால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது என்பது சாஸ்திரம் கற்றவர்கள் சொல்லும் விளக்கம். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். அந்த அம்மாள் எந்தப் பள்ளியிலும் அதைப் படிக்கவில்லை. புயலன்று அவளுக்கு ஆறேழு வயசாம். மற்றவர்கள் போனபின் அவள் வீட்டார் திரும்பி வந்து அதே மணலில் குடிசை போட்டார்கள்.

"குடிசைக்குப் பட்டா உண்டா, அம்மா?"

"பட்டாவா? மணலு இன்னைக்கு இங்கன, நாளைக்கு அங்கன. எதுக்குப் பட்டா எழுதுவாக?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் எங்கள் ஊர்ச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. குடத்தில் பெயர் விழவேண்டுமென்றால் என்ன வேண்டும்? இறை கட்டும் நிலம் கால் வேலிக்குமேல் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவே இருக்கவேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும். பத்தாம் நூற்றாண்டு பிராமணச் சபை அது; இன்றைய நியாயத்தை அதன்மேல் ஏற்றுவது சரியல்ல. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிவைத்த அந்தக் கண்டிப்பு இன்றும் வணங்கத்தக்கதே. ஆனால் நிலமும் மனையும் உடையவன்தான் ஊரான் என்ற அந்த எண்ணம் சோழரோடு போய்விடவில்லை. பட்டா இல்லாதவன் எந்த நிமிஷமும் எழுந்து போகவேண்டியவன் என்றுதானே நாம் இன்னமும் நினைக்கிறோம்? தனுஷ்கோடியில் எந்த வாரியமும் இல்லை. ஆனால் எவ்வளவு மொள்ளலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைக் காப்பாற்றுகிறவன் ஊரான் இல்லையென்றால் வேறு யார் ஊரான்?

ஊர் திரும்பியதும் ஒரு சாயங்காலம் எங்கள் ஏரிக்கரையில் நடந்தேன். வயிரமேக தடாகம் என்று கல்வெட்டில் பெயர் பெற்ற ஏரி. இதைக் காத்த ஆறு பேரின் தகுதியைச் சுவர் விவரமாகச் சொல்கிறது. மண் சுமந்து கரை போட்டவர்களில் எத்தனை பேருக்குக் கால் வேலி இருந்திருக்கும்?

இப்போதும் வெளியூரார் வந்தால் சுவரைக் காட்டத்தான் செய்கிறேன். குடவோலைக் கதையோடு அந்தக் கால் வேலி வரியையும் படித்துக் காட்டிவிட்டு, அப்படியே ஏரிக்கரைக்கும் அழைத்துப் போகிறேன்.