சாங்கி வாழ்வும் ஓராண்டுக் கணக்கும்



சனவரித் திங்கள் பிறந்தால் சிங்கப்பூரில் பள்ளி திறக்கும். புதிய சீருடை, காலணி, பாடநூல், பயிற்சி நூல் எனப் பெற்றோரின் பணப்பை மெலியும் காலம் அது. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்புதான் தீபாவளி வந்து சென்றிருக்கும். இரண்டு வாரத்தில் பொங்கல் வந்துவிடும். மாதச் சம்பளம் மாறாமல் இருக்க, செலவு மட்டும் ஆண்டின் ஒரு முனையில் வந்து குவிகிறது. இச்சிக்கல் இன்று தோன்றியதன்று. நம் முன்னோர் இதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சாங்கி வட்டாரத்தின் வரலாற்றோடு இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாங்கி என்றதும் இன்று அனைவரின் நினைவுக்கும் வருவது வானூர்தி நிலையம். அது திறக்கப்பட்டது 1981ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் அது பிரிட்டிஷ் படைத்தளமாக விளங்கிய பகுதி. தளத்தில் பணிபுரிந்த இந்தியத் தொழிலாளர்களும் அலுவலர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அங்கே வாழ்ந்தனர். சாங்கி வில்லேஜ் சாலையில் இன்றும் நிற்கும் ஸ்ரீ ராமர் ஆலயம் 1946ஆம் ஆண்டில் தோன்றியது. நகரின் தேக்கா, சிராங்கூன் சாலை ஆகியவற்றிலிருந்து வெகு தொலைவில், தீவின் கிழக்கு ஓரத்தில் ஓர் இந்தியச் சமூகம் வேரூன்றியிருந்ததற்கு அவ்வாலயமே சான்று.

மாதச் சம்பளமும் ஆண்டுச் செலவும்

சம்பளக்காரக் குடும்பங்கள் கடனில் விழுவதற்குக் காரணம் ஊதாரித்தனம் மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எண்கள் கற்பனையே, கணக்கு உண்மையானது.

ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் 150 வெள்ளி என்று கொள்வோம். வீட்டுச் செலவு மாதம் 140 வெள்ளி. மாதந்தோறும் 10 வெள்ளி மிஞ்சுவதால் அவர் தம்மைச் சிக்கனக்காரர் என்றே கருதுவார். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளைப் பாருங்கள். தீபாவளிக்கு 90, பள்ளித் திறப்புக்கு 60, பொங்கலுக்கு ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்ப 60, மருந்துக்கு 30. மொத்தம் 240 வெள்ளி. ஓராண்டின் வரவு 1,800, செலவு 1,920. மாதக் கணக்கில் மிச்சம் காட்டிய அதே குடும்பம் ஆண்டுக் கணக்கில் 120 வெள்ளி கடனாளி!

இதற்குத் தீர்வு, 240 வெள்ளியைப் பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் 20 வெள்ளியை முதலில் எடுத்து வைத்துவிடுவது. அப்படியானால் வீட்டுச் செலவின் எல்லை 140 அன்று, 130 வெள்ளி. அந்தப் பத்து வெள்ளியைக் குறைப்பதில்தான் குடும்பத்தின் மானம் அடங்கியிருந்தது. திருக்குறளில் 'வலியறிதல்' அதிகாரம் அரசனுக்காகச் சொல்லப்பட்டது. எனினும், வரவின் அளவை அறிந்து வாழ வேண்டும் என்னும் அதன் கருத்தை நம் இல்லங்கள் தமக்கும் உரியதாகவே கொண்டன.

எல்லையைக் காக்க இயலாதவர்க்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மளிகைக் கடைக் கடன். முகப்பில் '555' என்று அச்சிட்ட சிறிய குறிப்பேட்டில் கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் கணக்கு முடிக்கப்படும். முடியாவிடில் பாக்கி அடுத்த மாதத்திற்குத் தாவும். மற்றொன்று, வட்டிக்குக் கடன் வாங்குவது. மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் வணிகத்திற்கு முதல் தந்து இந்நகரின் வளர்ச்சிக்குத் துணைநின்றனர். அரசு ஊழியர்களும் அவர்களிடம் கடன் பெற்றதுண்டு. வணிகர் வாங்கும் கடன் வருவாயைப் பெருக்கும். தீபாவளித் துணிக்கு வாங்கும் கடனுக்கோ அடுத்த ஆண்டின் சம்பளமே வட்டி கட்ட வேண்டும்.

போர் கற்பித்த பாடம்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. சாங்கி, போர்க்கைதிகளின் முகாமாயிற்று. 600 பேருக்கென 1936இல் கட்டப்பட்ட சாங்கிச் சிறையில், பொதுமக்களாகிய ஐரோப்பியர் பல மடங்கு எண்ணிக்கையில் அடைக்கப்பட்டனர். முகாமில் இருந்தோர் கீரை, காய்கறி பயிரிட்டு வயிற்றைக் காத்தனர். வெளியில் இருந்தோர் நிலையும் நெருக்கடியானதே. பங்கீட்டு அரிசி குறைந்துகொண்டே வந்தது. போரின் பிற்பகுதியில் ஆணுக்கு மாதம் 8 கட்டி, பெண்ணுக்கு 6, சிறுவர்க்கு 4 என்ற நிலை வந்தது. ஒரு கட்டி என்பது சுமார் 600 கிராம். எஞ்சிய பசியை மரவள்ளிக் கிழங்கே ஆற்றியது.

விலைவாசியோ கற்பனைக்கு எட்டாதது. 1941 டிசம்பரில் ஏறத்தாழ 5 வெள்ளிக்குக் கிடைத்த நூறு கட்டி அரிசி, 1945ஆம் ஆண்டின் நடுவில் 5,000 வெள்ளிக்கு விற்றது. வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள், 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் வெறும் காகிதமாயின. அந்த நோட்டாகவே சேர்த்து வைத்திருந்தவர்கள் அனைத்தையும் இழந்தனர். தங்கமோ பண்டமோ வைத்திருந்தவர்க்கு ஏதோ ஒன்று மிஞ்சியது. நம் பாட்டிமார் நோட்டைவிட நகையை நம்பியதை அறியாமை என்று ஒதுக்குவதற்கில்லை. அது பட்டறிவின் பயன்.

சிக்கனத்திற்கு ஓர் அமைப்பு

மனவுறுதி மட்டும் இருந்தால் போதாது. எடுத்து வைக்கும் பணத்தைக் காக்க ஓர் அமைப்பும் வேண்டும். இதைப் பல நாட்டினரும் உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் சிலர் தாமே ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். கடன் கொடுப்பதில்லை, ரொக்கத்திற்கே விற்பனை என்பது அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று. அவ்வழியைப் பின்பற்றி 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதே 1904இல் ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் பெண் இதழாளர், இல்லத்தரசியருக்கான வரவு செலவுக் கணக்கேட்டை வெளியிட்டார். கணக்கு எழுதுவது வீட்டு நிர்வாகத்தின் அடிப்படை என்பது அவர் கொள்கை. இத்தகைய கணக்கேடு ஜப்பானிய இல்லங்களில் இன்றும் புழங்குகிறது.

சிங்கப்பூரில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. சிறு தொகையையும் ஏற்றுக்கொண்ட வங்கி அது. 1925இல் அரசு ஊழியர்கள் ஒன்றுகூடிச் சிக்கன, கடன் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இந்நாட்டின் கூட்டுறவு இயக்கத்திற்கு அதுவே தொடக்கம். உறுப்பினர் மாதந்தோறும் ஒரு தொகையைச் சேமிப்பர். அவசரத் தேவைக்கு அச்சேமிப்பிலிருந்தே குறைந்த வட்டிக்குக் கடன் பெறுவர். அதன் பெயரில் 'சிக்கனம்' முன்னும் 'கடன்' பின்னும் அமைந்திருப்பது கருதத்தக்கது. 1955 சூலையில் மத்திய சேம நிதி வந்தது. தொழிலாளி சம்பளத்தில் 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் முதுமைக்கெனச் செலுத்தினர். எடுத்து வைத்த பின்னரே செலவு என்னும் இல்லத்து விதி, நாட்டின் சட்டமாகவே ஆயிற்று.

1968: சாங்கிக்கு வந்த சோதனை

1968ஆம் ஆண்டு சனவரியில், தன் படைகளை 1971ஆம் ஆண்டின் இறுதிக்குள் விலக்கிக்கொள்ளப் போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. அன்று சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங், சிலேத்தார், தெங்கா, சாங்கி என ஒவ்வொரு தளத்தையும் நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன. தளத்தில் வேலை செய்தவர் மட்டுமல்லர், அவர்களுக்குத் துணி வெளுத்தவர், தைத்தவர், சாப்பாட்டுக் கடை நடத்தியவர் ஆகியோரின் வாழ்வும் கேள்விக்குறியாயிற்று. நீண்ட காலம் உழைத்த இந்தியத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர், கிடைத்த பணிக்கொடையுடன் தாயகம் திரும்பினர். எஞ்சியோர் மறுபயிற்சி பெற்றுத் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் சென்றனர்.

வேலை போகும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்ட குடும்பத்தின் கையில் இருந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டு அவகாசம். கடைக் குறிப்பேட்டில் பாக்கி சுமந்த குடும்பத்திற்கு அந்த நான்கு ஆண்டும் பழைய கடனுக்கே போய்ச் சேரும். மாதந்தோறும் சிறிது எடுத்து வைத்த குடும்பத்திற்கோ அது புதிய தொழிலைக் கற்கும் காலம். சம்பளம் இரு குடும்பத்திற்கும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். சேமிப்பு என்பது பணம் மட்டுமன்று, தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் காலமும் ஆகும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பள்ளிகளையும் அக்காலச் சேமிப்பு இயக்கம் விட்டுவைக்கவில்லை. 1969ஆம் ஆண்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி பள்ளி மாணவர்க்கான தேசியச் சேமிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மாணவர்கள் கைக்காசில் சேமிப்பு அஞ்சல்தலை வாங்கி அட்டையில் ஒட்டினர். 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் விலைவாசி ஆண்டுக்கு 20 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தபோது, தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் 'வெல்கம்' கூட்டுறவுக் கடையைத் திறந்தது. இன்றைய ஃபேர்பிரைஸ் கடைகளுக்கு வித்திட்டது அதுவே.

யாருடைய தட்டில் குறைத்தோம்?

முன்னோரின் சிக்கனத்தைப் போற்றும்போது ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. வரவுக்குள் அடங்க வேண்டுமெனில் எதையேனும் குறைத்தாக வேண்டும். எதைக் குறைத்தனர்? பெரும்பாலும் தாயின் தட்டிலிருந்துதான். எல்லாருக்கும் பரிமாறிய பின் அடியில் இருந்ததே அவள் உணவு. அடுத்ததாகப் பெண்பிள்ளையின் படிப்பு. மகனுக்குப் புத்தகம் வாங்கிவிட்டு, மகளைத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திய குடும்பங்கள் அக்காலத்தில் அரியவை அல்ல. கணக்கேட்டில் அது மிச்சமாகத் தோன்றியது. அந்தப் பெண்ணின் வாழ்வில் அது நிரந்தரப் பற்று.

ஆகவே சிக்கனம் என்பது குறைவாகச் செலவிடுவது மட்டுமன்று. எதைக் குறைக்கவே கூடாது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்வதும் சிக்கனமே. முடிவு செய்யாமல் விட்டால், நெருக்கடி நேரும்போது வீட்டில் குரல் குறைந்தவரின் பங்கே முதலில் வெட்டப்படும். மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல் கல்விச் செலவை முதல் வரியில் எழுதிய குடும்பங்களும் அன்று இருந்தன. நம்முள் ஆசிரியராகவும் தாதியராகவும் ஆன பெண்கள் பலர் அந்த வரியின் பயனை அனுபவித்தவர்களே.

இன்று நாம் செய்யத்தக்கது

இன்று '555' குறிப்பேடு மறைந்துவிட்டது. அதன் இடத்தில் கடன் அட்டையும், இப்போது வாங்கிப் பின்னர்ச் செலுத்தும் தவணைத் திட்டமும் வந்துள்ளன. பழைய குறிப்பேட்டிலாவது பாக்கி கண்ணுக்குத் தெரிந்தது. கைப்பேசியைக் காட்டிப் பொருள் வாங்கும் பெற்றோரைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பணம் குறைவதே தெரிவதில்லை.

பெற்றோர் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். ஒரு தாளில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள் அனைத்தையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். கூட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டால் வகுக்கச் சொல்லுங்கள். பிறகு, 'இவற்றுள் எதைக் குறைக்கலாம்? எதைக் குறைக்கக் கூடாது?' என்று கேளுங்கள். பிள்ளைகளின் விடை சில வேளைகளில் நம்மை வெட்கப்பட வைக்கும், அதுவும் நன்மைக்கே. அம்மாவின் மருந்துச் செலவு பட்டியலில் விடுபட்டிருப்பதைப் பெரும்பாலும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆசிரியர்கள் இதையே தமிழ் வகுப்பில் ஓர் உரையாடலாக நடத்தலாம். வரவு, செலவு, பற்று, பாக்கி, மிச்சம், முதல், வட்டி ஆகிய சொற்களைப் பொருளோடும் பயன்பாட்டோடும் கற்பிக்க இதைவிடச் சிறந்த வாய்ப்பு அரிது. ஆனால் ஓர் எச்சரிக்கை. மாணவரின் வீட்டு வருவாயை வகுப்பில் கேட்டல் கூடாது. மேலே தந்ததைப் போன்ற கற்பனைக் குடும்பத்தின் கணக்கே போதும். தன் வீட்டு நிலையைச் சொல்ல நேர்ந்து ஒரு பிள்ளை தலைகுனியுமாயின், நாம் கற்பித்த சிக்கனத்தால் பயனில்லை.

படைத்தளம் போய் வானூர்தி நிலையம் வந்துவிட்ட சாங்கியில், பழைய தொழிலாளர் குடும்பங்களின் கணக்கேடுகள் எங்கும் காட்சிக்கு வைக்கப்படவில்லை. அவை பழைய தாளோடு தாளாகப் போயிருக்கும். அவற்றின் முதல் வரியில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டறிவோம். நம் வீட்டுக் கணக்கின் முதல் வரியில் எதை எழுதப் போகிறோம் என்பதையும் சிந்திப்போம்.