பாரிஸில் சில நாட்கள்: குறைந்த செலவில் தங்கவும் உண்ணவும்

யுத்தத்தால் இலண்டன், சூரிச், பேர்லின் எனச் சிதறிப்போன உறவுகள் மீண்டும் ஒன்றுகூடும் நகரங்களில் பாரிஸும் ஒன்று. உறவினர் வீட்டில் எல்லோருக்கும் இடம் போதாது என்பதற்காக அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தங்குமிடம்: ஈபிள் கோபுரத்தைச் சுற்றி அறை தேட வேண்டாம். மெற்றோ, தொடருந்து ஆகியவற்றில் ஒரு பயணத்துக்கு 2025 ஜனவரி முதல் பாரிஸிலும் புறநகரிலும் தூரம் பாராது ஒரே கட்டணம். விமான நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். ஆகவே, மெற்றோ செல்லும் மொன்த்ரேய், இவ்ரி போன்ற புறநகர்களிலும் அறை பார்க்கலாம். ஆளுக்கு, இரவுக்கு எனச் சுற்றுலா வரியும் அறவிடப்படும். சொல்லப்படும் வாடகையில் அது சேர்ந்துள்ளதா என முன்கூட்டியே கேளுங்கள்.

உணவு: காலையில் வெதுப்பகத்துப் பாண் போதும். உணவகத்தில் உண்பதானால் மதியமே நல்லது. பல இடங்களில் மதியத்துக்கென 'ஃபோர்முல்' எனப்படும் மலிவான தொகுப்பு உண்டு. 1896இல் தொடங்கிய 'புய்யோன் சார்த்தியே'யில் பிரெஞ்சு உணவைச் சாதாரண விலையில் உண்ணலாம். வரிசையில் நிற்க நேரிடலாம். போத்தல் தண்ணீர் வாங்காமல் 'கராஃப் தோ' எனக் கேளுங்கள், குழாய்நீர் இலவசம். சேவைக் கட்டணமும் விலையிலேயே அடங்கும்.

இரவில் லாச்சப்பல் போகலாம். கார் து நோர் தொடருந்து நிலையத்திலிருந்து நடை தூரம். இடியப்பம், தோசை, கொத்துரொட்டி எல்லாம் நம்மவர் கடைகளில் கிடைக்கும். குடும்பமாக அமர்ந்து ஆறுதலாகக் கதைக்கவும் அதுவே இடம்.