பெருங்குளத்திலிருந்து பண்ணைவிளைக்கு

சென்ற இதழில், தாது வருஷப் பஞ்சத்தின் அடிச்சுவட்டில் 1878-ஆம் ஆண்டு நாசரேத்தில் கானன் மர்காஷிஸ் தொடங்கிய கைத்தொழிற் பள்ளியோடு நின்றோம். இந்த வாரம் தாமிரபருணியைக் கடந்து வடகரைக்குப் போகவேண்டும். போவதற்கு முன்னால் எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைப் பற்றிச் சற்றே பேசிவிட அனுமதி கேட்கிறேன்.

ஆழ்வார்திருநகரியில் பிறந்து, உறங்காப்புளியின் நிழலில் விளையாடி, அரையர் சேவையின் தாள ஒலியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு ‘அடியார்’ என்பது சாமானியமான சொல் அல்ல. மனிதப் பிறவி எடுத்தவன் அடையக்கூடிய பெரும்பதவி அடியார்க்கு அடியாராக இருப்பதே என்று சொல்லிக் கொடுத்த ஊர் இது. அதே சொல்லின் முன்னால் ‘தேவர்’ என்பதைச் சேர்த்து ஒரு பெண்ணைக் குறித்தால் மட்டும், கேட்பவர் முகம் ஏன் சுளிக்க வேண்டும்? ஒரு காலத்தில் சுளிக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கிடைக்கும் பங்கும் கொடுத்து, அவர்கள் பெயரையும் சொந்த ஊரையும் ஒருத்தி விடாமல் கல்லிலே வெட்டிவைத்தான். ராஜாக்கள் போய், மானியம் தேய்ந்து, கோயிலை அண்டியிருந்த வீடுகள் பணக்காரப் பிரபுக்களை அண்டத் தொடங்கிய பிற்காலத்தில்தான் அந்தச் சொல் மெல்ல மெல்லப் படியிறங்கியது. சதிரையும் பதத்தையும் நம் தலைமுறை வரை காப்பாற்றித் தந்தவர்கள் அந்தப் பெண்களே என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும், கலை பிழைத்த அதே வீட்டில் குழந்தைகள் பட்ட பாட்டை மறைத்துப் பேசுவதும் நேர்மையாகாது.

ஸ்ரீவைகுண்டம் அணையில் பிரியும் வடகால்வாய் பாய்கிற ஊர்களில் ஒன்று பெருங்குளம்; நவதிருப்பதிகளுள் திருக்குளந்தை என்று பெயர் பெற்று, மாயக்கூத்தன் எழுந்தருளியிருக்கும் தலம். அதற்கு அதிக தூரமில்லாத கிராமம் பண்ணைவிளை, சர்ச் மிஷன் சங்கத்தின் பழைய ஊழியத் தலங்களில் ஒன்று. திருச்செந்தூர் ரயில் பாதை எங்கள் பக்கம் வந்ததே 1923-ல்தான். நான் சொல்லப்போகும் 1901-ஆம் ஆண்டில் மாட்டு வண்டி, இல்லையேல் கால்நடை.

அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒருநாள், பொழுது சாய்ந்த வேளையில், பெருங்குளத்துத் தாசி வீடு ஒன்றிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி யாரும் காணாமல் வெளியேறி, நீரையும் பனங்கூட்டத்தையும் கடந்து, பண்ணைவிளைக் கிறிஸ்தவக் கோயில் வாசலில் வந்து நின்றாள். ஓடுவது அவளுக்குப் புதிதல்ல. அதற்கு முன்பே ஒருமுறை தூத்துக்குடிக்கு, ஏறக்குறைய 20 மைல், தன் விதவைத் தாயைத் தேடி ஓடியிருக்கிறாள். தேடிவந்த பெண்கள் தெய்வகோபத்தைச் சொல்லிப் பயமுறுத்த, தாய் குழந்தையின் கைகளைத் தன் கழுத்திலிருந்து விலக்கி அவர்களிடமே ஒப்படைத்துவிட்டாள். திரும்பிவந்த பிற்பாடு, ஓடிய குற்றத்துக்குத் தண்டனையாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அந்தச் சிறு கைகளில் சூடு போட்டார்கள்.

அப்படியிருந்தும் அவளை மறுபடி ஓடச் செய்தது எது என்று கேட்டால், விடை தமிழ்மொழியின் ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. பொட்டுக்கட்டுவதற்கு நாள் நெருங்குகிறது என்றும், இவளைச் சாமிக்குக் கட்டிவிட வேண்டும் என்றும் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. தாலி கட்டுவதும், கட்டிக்கொடுப்பதும், கட்டிக்கொள்வதும் நமக்குக் கல்யாணப் பேச்சு. ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் தொழுவத்தில் கன்றைக் கட்டுகிற கட்டுத்தான். இருட்டிலே, கருவறையிலே, கல் விக்கிரகத்தோடு கயிற்றால் தன்னைப் பிணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று எண்ணி அவள் நடுங்கினாள். குழந்தை சொல்லைத் தவறாக அர்த்தம் பண்ணிக்கொண்டது என்று நாம் சொல்லிவிடலாம். எனக்கென்னவோ, அந்தச் சடங்கைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய அநேக வியாக்கியானங்களைவிட அவள் பண்ணிக்கொண்ட அர்த்தமே விஷயத்துக்கு அருகில் இருந்ததாகத் தோன்றுகிறது.

கோயில் வாசலில் நின்றவளைக் கண்டு, கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், மறுநாள் காலையில் மிஷன் பங்களாவுக்குக் கூட்டிவந்தாள் அவ்வூர்க் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி. பங்களாத் தாழ்வாரத்தில் காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாளைக் கண்டதும் குழந்தை நேரே போய் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதிசயம் என்னவென்றால், ‘பிள்ளை பிடிக்கிற அம்மாள்’ என்று சொல்லித் தாசி வீட்டில் அவளை அச்சுறுத்தி வைத்திருந்தது இதே அம்மாளைச் சொல்லித்தான். தேடிக்கொண்டு பெருங்குளத்துப் பெண்கள் வந்து கத்தினார்கள், கெஞ்சினார்கள். குழந்தை வரமாட்டேன் என்றாள். அடுத்த சில நாட்களில், ஒரு துணிப்பொம்மையை வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் தனக்கும் பிறருக்கும் என்னென்ன நடந்தன என்பதை அவள் செய்துகாட்டியதை அந்த அம்மாள் பார்த்தார். என்ன பார்த்தார் என்பதைத் தம் புத்தகங்களில் முழுவதுமாக எழுதவில்லை. அந்தக் குழந்தைக்கு அவருடைய நூல்களில் பிரீனா என்று பெயர்.

அந்த அம்மாள் ஏமி கார்மைக்கேல். 1867 டிசம்பர் 16 அன்று வட அயர்லாந்துக் கடலோரத்து மில்லைல் கிராமத்தில், ஏழு குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார். தொப்பி வாங்க வகையில்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஏழைப் பெண்களுக்காக 1889-லேயே ஒரு தகரக் கொட்டகை மண்டபம் எழுப்பினார். ஜப்பானில் சிலகாலம் ஊழியம் செய்து உடம்பு கெட்டுத் திரும்பி, 1895-ல் பெங்களூர் வந்து சேர்ந்தார். பிறகு திருநெல்வேலி மிஷனைச் சேர்ந்த வாக்கர் துரையின் அழைப்பின்பேரில் இந்த ஜில்லாவுக்கு வந்து, பண்ணைவிளையில் தங்கி, புடவை உடுத்துக்கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். ஜனங்கள் அந்தக் கோஷ்டிக்கு ‘நட்சத்திரக் கூட்டம்’ என்று பெயரிட்டார்கள். அதிலிருந்தவர்களில் முக்கியமானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை.

பிரீனா வந்தபிறகு வண்டியில் ஊர் சுற்றுவது வரவர நின்றுபோயிற்று. 1904-க்குள் குழந்தைகள் பதினேழாகிவிட்டார்கள். பிரசங்கம் செய்ய வந்தவர் தாதி வேலை பார்ப்பதா என்று சகாக்கள் முணுமுணுத்தார்கள். அவருக்குமே அந்தச் சந்தேகம் உண்டாயிற்று. சீஷர்களின் கால்களைக் கழுவுவதற்காகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட தம் கர்த்தரை நினைத்துக்கொண்டு அவர் அதைத் தீர்த்துக்கொண்டார். அதன்பின் குழந்தைகளுக்கு நகம் வெட்டுவதைப் பற்றி வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் குழந்தைகளுக்கான விடுதி எழுந்தது பண்ணைவிளையில் அல்ல. நாங்குநேரித் தாலுகாவில் களக்காட்டுக்கு அப்பால், மேற்கு மலையின் அடிவாரத்திலுள்ள டோனாவூரில். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பிரஷ்யா தேசத்து டோனா பிரபு அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலமானதால் அவர் பெயரோடு நம் ‘ஊர்’ ஒட்டிக்கொண்டு உண்டான பெயர் அது. பனையும் பொட்டலும் செம்மண் புழுதியுமான அந்த இடத்தில் மண்சுவர் எழுப்பி, ஓலை வேய்ந்து தொடங்கினார்கள். பணம் யாசிப்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அம்மையாரின் விரதம்.

சுவரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வீட்டை உண்மையில் நிறுத்தியது அங்கே வழங்கிய முறைப்பெயர்கள் என்பது என் எண்ணம். சூப்பரிண்டென்டெண்டு, மேட்ரன், வார்டன் என்றெல்லாம் அக்காலத்து விடுதிகளில் வழங்கிய உத்தியோகப் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. அவர் அம்மா. தமிழ்ப் பெண்கள் அக்காள்மார். சீமையிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் எல்லாரும் சித்தி. பிற்காலத்தில், 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்கத் தொடங்கியபோது, அவர்களைக் கவனிக்க வந்த இங்கிலீஷ்காரர்கள், கேம்பிரிட்ஜில் படித்தவர்கள் உட்பட, ‘அண்ணாச்சி’ ஆனார்கள்! பலசரக்குக் கடையிலும் பஸ் நிலையத்திலும் நாள்தோறும் நாம் விளிக்கிற அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரர் தமக்கு உரியதாக ஏற்றுத் திரும்பிப் பார்த்த காட்சியை நினைக்கும்தோறும் எனக்குப் புன்னகை வருகிறது. குலமும் கோத்திரமும் அறுந்து வந்த குழந்தைக்கு முதலில் வேண்டியது கூப்பிட ஓர் உறவுப் பெயர் என்பதை அறிந்துகொண்டவர்கள் அவர்கள்.

கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும் வேறொரு சோதனை பிறந்தது. பால்குடி மாறாத சிசுவைக் கோயிலுக்கென்று விலை பேசிவிடுவதற்கு முன்னால் எடுத்துவந்து சேர்த்துவிடுவார்கள். ஆனால் ஊட்டுவது யார்? ஜாதி அறியாத பிள்ளைக்கு மார்பு கொடுக்க எந்தத் தாயும் முன்வருவதில்லை. பக்கத்தில் வைத்தியரும் இல்லை. ஆகவே 1905-ஐ ஒட்டி, லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்த தென்திருவிதாங்கூர் நெய்யூரில் சிசுக்களுக்குத் தனியாக ஒரு வீடு பிடித்து, பொன்னம்மாளைப் பொறுப்பாக அனுப்பினார்கள். பாலைக் காய்ச்சுவது, குப்பியைக் கொதிநீரில் சுத்தம் செய்வது, எத்தனை மாதத்துக் குழந்தைக்கு எவ்வளவு தண்ணீர் விலாவுவது என்பதையெல்லாம் வைத்தியர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் தூளிகளுக்கு நடுவே இரவுகளைக் கழித்தவர் அவர். வயிற்றுக்கடுப்பு பரவிப் பல சிசுக்கள் மாண்டபோதும் பிழைத்தவற்றைக் கைவிடாமல் காத்தார். 1915-ல் புற்றுநோயால் இறந்துபோனார். டோனாவூர் என்றால் உலகம் ஏமி அம்மையாரின் படத்தைப் போடுகிறது, போடட்டும், பாதகமில்லை. பக்கத்தில் பொன்னம்மாளுக்கும், பண்ணைவிளைப் பக்கத்து இந்துக் குடும்பத்திலிருந்து வந்து, கிரேக்கம் வரை கற்று, 1939-ல் மறைந்த அருளாய்க்கும் இரண்டு நாற்காலி போட வேண்டும் என்பதே என் கட்சி. அம்மையாரே பொன்னம்மாளைப் பற்றித் தனிப் புத்தகம் ஒன்று எழுதினார்.

சட்டம் இவர்கள் பக்கம் இருந்ததா? மைனர் பெண்ணை விபசாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் 1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடிலேயே குற்றம். ஆயினும் சடங்கு என்ற திரை நடுவே தொங்கியதால் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பதில்லை. மாறாக, குழந்தையை வைத்துக்கொண்டவர்மேல் கடத்தல் வழக்குத் தொடுப்பது வெகு சுலபம். அதற்குத் தண்டனை ஏழு வருஷம் வரை. 1911-ல் ஒரு சிறுமியைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கோர்ட்டுத் தீர்ப்பளித்தது. கெடுவுக்கு முன்பே அவள் விடுதியிலிருந்து மறைந்துவிட்டாள். முகம்மதியப் பையனைப் போல வேஷம் தரித்துக் கொழும்புக்கும் அங்கிருந்து சீனதேசத்துக்கும் அவள் போய்ச்சேர்ந்த விருத்தாந்தம் நாவலாசிரியர்களும் எழுதத் துணியாதது. செய்தது சட்டவிரோதமே. நியாயவிரோதமா என்பதைப் பிரீனாவின் கைத்தழும்பைப் பார்த்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

அம்மையாரிடம் எனக்குக் குறையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1903-ல் வெளியான அவருடைய புத்தகத்தைப் படித்தால், நம் கோயில்களில் இருளைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணில் படவில்லை என்று தெரிகிறது. குழந்தைகளுக்குக் கோமேதகம், இந்திரநீலம் என்பதுபோல ரத்தினங்களின் பெயரைச் சூட்டினார். பெற்றவர்கள் இட்ட பெயர் அதோடு போயிற்று. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த குழந்தை வேறொரு வேலிக்குள் வந்தது என்று சொல்வோர் உண்டு. வேலி உண்மைதான். அதற்குள் யாரும் அவளைச் சுடவில்லை என்பதும் உண்மை.

மிஷனைச் சேராத இன்னொரு வீட்டு வாசலிலும் இதே சம்பவம் நடந்திருக்கிறது. 1927-ல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்து போராடிக்கொண்டிருந்த காலத்தில், அதிலிருந்து தப்பிய பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நகரத்து விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுக்கவே, தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். அவருடைய தாயாரும் தேவரடியார் குலத்தில் பிறந்தவரே. சட்டம் முழுமையாக வந்தது 1947-ல், ஓமந்தூரார் மந்திரிசபையின் காலத்தில். பிரீனா ஓடிவந்து 46 வருஷங்கள் ஆகியிருந்தன. 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து காலொடிந்ததிலிருந்து ஏமி அம்மையார் படுக்கை அறையைவிட்டு அதிகம் வெளியேறவில்லை. 1951 ஜனவரி 18 அன்று அங்கேயே கண்மூடினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், குழந்தைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, ‘அம்மா’ என்ற பொருளுடைய ஒற்றைச் சொல்லை அதில் பொறித்தார்கள்.

இன்னொருத்தி பாக்கியிருக்கிறாள். மாலை மங்கும் வேளையில் கோயில் வாசலில் நின்ற சிறுமியின் கையைப் பிடித்தவளை ‘இயேசுவின் ஊழியக்காரி’ என்று பொருள்படும் பெயரால் அம்மையார் ஆங்கிலத்தில் குறித்திருக்கிறார். தமிழில் அது இயேசுவடியாள் என்றிருந்திருக்க வேண்டும். தேவரடியாள் வீட்டிலிருந்து தப்பிவந்தவளை இரவு தன் பாயில் படுக்கவைத்தவளும் ஓர் அடியாள்தான்! இந்தக் கட்டுரைக்காகப் பண்ணைவிளைக்குப் போனபோது, ஓடைக்கரையில் கண்ட முதியவர் ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கோயில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

“எந்த இயேசுவடியாளைக் கேக்கிய, அண்ணாச்சி? இங்கன வீட்டுக்கு ஒருத்தி இருந்தாளே.”