ஆற்றோரம் ஏன் வீடுகள் இல்லை?

சமர் வந்தால் எங்கள் குடும்பம் ஸ்காபரோவில் உள்ள மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போகும். மாமாமார் கோழி வாட்டுவார்கள், நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஹைலன்ட் ஆற்றில் கால் நனைப்போம். ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்: “வீட்டு விலை கூடிப்போச்சு எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்கள். இவ்வளவு பெரிய இடம் ஏன் சும்மா கிடக்குது?”

“அது அரசாங்கத்தின்ர காணி, தம்பி” என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முழுப் பதில் எனக்குக் கிடைத்தது பொறியியல் படித்த காலத்தில்தான். ரொறன்ரோவின் வெள்ள வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். ஆறுகளின் இரு பக்கமும் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டுக்கு அடிப்படை ஒரு சூறாவளி. அதன் பெயர் ஹேசல்.

1954 ஒக்டோபர் 15. கரோலினாக் கரையைக் காலையில் தாக்கிய ஹேசல் அன்றிரவே ரொறன்ரோவுக்கு வந்தது. அதற்கு முன்பே பல நாட்கள் மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. புதிதாக விழுந்த மழையை நிலத்தால் உறிஞ்ச முடியவில்லை. எல்லாம் நேரே ஆறுகளுக்குள் ஓடியது. ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்றொரு தெரு இருந்தது. அங்கிருந்த நடைபாலம் ஒன்று பெயர்ந்து தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டது. தூக்கத்தில் இருந்தவர்களோடு வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். ஒன்ராறியோ முழுவதும் 81 பேர்.

ஆறுகளைக் கவனிப்பதற்கென்று ஒரு சட்டம் அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே, 1946இல், வந்துவிட்டது. விவசாயத்துக்காகக் காடுகளை வெட்டியதால் வசந்தத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் வந்தன. ஒரு நகரசபை தனியாக அதைத் தடுக்க முடியாது. ஹம்பர் ஆறு வடக்கே பண்ணை நிலங்களில் தொடங்கி, பல ஊர்களைக் கடந்து ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. மேலே உள்ள ஊர் மரத்தை வெட்டினால் கீழே உள்ள ஊரின் வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஆற்றுக்கு நகரசபை எல்லை தெரியாது.

அதனால் அந்தச் சட்டம் ஆற்றையே எல்லையாக வைத்தது. மழைநீர் எந்த ஆற்றில் போய்ச் சேருகிறதோ, அந்த நீரேந்துப் பகுதி முழுவதற்கும் ஒரே சபை. அங்குள்ள நகரசபைகளே ஒன்றுசேர்ந்து அதைக் கேட்க வேண்டும். உறுப்பினர்களை அவையே நியமிக்கும். செலவை மாகாணமும் நகரசபைகளும் பகிரும். இவைதான் பாதுகாப்பு அதிகார சபைகள்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் ஹேசல் வந்த இரவில் அந்தச் சபைகளிடம் போதிய பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆற்றோரத்தில் யார் வீடு கட்டினாலும் தடுக்க முடியவில்லை.

அடுத்த நாட்களில் சனம் சனத்துக்கு உதவியது. வீடிழந்தவர்களுக்காக நிவாரண நிதி சேர்த்தார்கள். பிறகு நீண்டகால வேலை தொடங்கியது. 1957இல் ரொறன்ரோவைச் சுற்றியிருந்த நான்கு சபைகள் ஒன்றாயின. 1959இல் வெள்ளத் தடுப்புத் திட்டம் வந்தது. 1964இல் கிளேர்வில் அணை, 1973இல் ஜி. ரொஸ் லோர்ட் அணை. அணைகளைவிட முக்கியமான வேலை ஒன்றும் நடந்தது. ஆற்றோரக் காணிகளைச் சபை வாங்கியது. விற்க விரும்பாதவர்களிடமிருந்து சில இடங்களைச் சுவீகரித்தது.

காணி சுவீகரிப்பு என்றால் நம் பெற்றோருக்கு வேறு நினைவுகள் வரும். இங்கேயும் அது யாருக்கும் இலேசாக இருந்திருக்காது. ஆனால் எடுத்த காணியில் இன்னொருவரைக் குடியேற்றவில்லை. எல்லோருக்கும் பூங்காவாக விட்டார்கள். ரேமோர் டிரைவில் வீடுகள் நின்ற இடம் இன்று ரேமோர் பூங்கா.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. டொன் ஆறு பெருகி, கோ ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளுடன் தண்ணீருக்குள் நின்றது. 2024 ஜூலையில் டொன் வலி நெடுஞ்சாலை மூழ்கியது. இரண்டு முறையும் ஆறு பாதையையும் தண்டவாளத்தையும் பிடித்தது. அந்தப் பள்ளத்தாக்கில் வீடுகளை விட்டிருந்தால் முதலில் படுக்கையறைகளைப் பிடித்திருக்கும்.

2022இல் ஒன்ராறியோ அரசு, வீடுகளை வேகமாகக் கட்டுவதற்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிய கட்டடத் திட்டங்களைப் பற்றி இந்தச் சபைகள் கருத்துச் சொல்லும் இடம் அதனால் சுருங்கியது. வெள்ளம் போன்ற ஆபத்துகளைப் பற்றிப் பேசலாம், அதற்கு அப்பால் அதிகம் பேச முடியாது. வீட்டுத் தட்டுப்பாடு பொய்யில்லை. என் வயதுக்காரர் எத்தனையோ பேர் வீடு வாங்க முடியாமல் வாடகையில் இருக்கிறார்கள். ஆனால் ஊற்றுப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலத்தை மூடினால், அந்தத் தண்ணீர் கீழே யாரோ ஒருவரின் பேஸ்மென்ட்டைத் தேடித்தான் வரும். கனடாவில் நம்மில் பலர் முதலில் குடியிருந்தது பேஸ்மென்ட்டில்தான்.

உங்களில் பலர் உயர்பள்ளிக்கான 40 மணிநேரத் தொண்டுக்கு ஆற்றோரத்தில் மரம் நட்டிருப்பீர்கள். அந்த மரம் ஏன் அங்கே நிற்கிறது என்று இப்போது தெரியும். இனி வீடு வாடகைக்கு எடுக்கும்போதோ வாங்கும்போதோ, வெள்ள வரைபடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் தெரு அந்தக் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

போன சமரில் மோர்னிங்சைட்டில் என் மருமகளும் அதே கேள்வியைக் கேட்டாள். “இது ஆற்றின்ர காணி, பிள்ளை” என்று சொல்லி, இந்தக் கதையைத் தொடங்கினேன்.